காருக்கு போனஸ், நவிகோவுக்குக் கைவிரிப்பு



சின்னக் கணக்கு ஒன்றோடு தொடங்குவோம். 2020 கோடையில், ஐம்பதாயிரம் யூரோவுக்குள் ஒரு புது சார்ஜ் ஹைபிரிட் கார் வாங்கியவருக்குப் பிரெஞ்சு அரசு 2000 யூரோ போனஸ் கொடுத்தது. உன்ர வருமானம் எவ்வளவு என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த வருஷம் நவிகோ மாசம் 75 யூரோ 20 சதம். ஒரு காருக்குப் போன அந்தக் காசில் ஒரு தொழிலாளி 26 மாசம் மெத்ரோ, பஸ், ரெயில் எல்லாம் ஏறியிருக்கலாம்.

இதைச் சொன்னவுடன் எங்கட ஆக்களிலேயே சிலர், "அப்ப உங்களுக்குச் சூழல் முக்கியம் இல்லையோ?" என்று கேட்கினம். முக்கியம். பெரிபெரிக் வீதியின் புகையை ஆகக்கூடச் சுவாசிக்கிறது அதன் ஓரத்தில் வீட்டு வாடகை மலிவு என்று குடியேறிய சனம்தான். எங்களுடைய கேள்வி வேறு. சூழலின் பெயரில் பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பொதுக்காசு கொட்டுப்படுகிறது. அது ஆற்றை பொக்கற்றுக்குப் போனது? இரவு ஒரு மணிக்கு லாச்சப்பலில் பாத்திரம் கழுவி முடிச்சு நொக்திலியன் பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுக்கு அதில் எவ்வளவு வந்தது?

போனஸ் வந்தால் பின்னாலே ஆட்குறைப்பு வரும்

பிரான்சில் போனஸ்-மாலுஸ் முறை 2008 ஜனவரியில் தொடங்கியது. குறைய கார்பன் விடுகிற கார் வாங்கினால் காசு, கூட விடுகிற கார் வாங்கினால் தண்டம். யோசனையில் பிழை இல்லை. பிறகு அது யாருக்காக வேலை செய்தது என்பதில்தான் சிக்கல்.

2012 ஜூலை 12. பேஜோ-சித்ரோயன் கொம்பனி பிரான்சில் 8000 வேலைகளைக் குறைக்கப்போவதாகவும், ஒல்னே-சூ-புவா தொழிற்சாலையை மூடப்போவதாகவும் அறிவித்தது. கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். பி ஏறினால் வருகிற அதே ஒல்னே. எங்கட சனம் நிறையப்பேர் இறங்கி ஏறுகிற ஸ்தேசியோன். அங்கே ஏறக்குறைய 3000 பேர் வேலை செய்தார்கள்; பெரும்பகுதி குடியேறிகளும் குடியேறிகளின் பிள்ளைகளும். 1982 வசந்தத்தில் மொரோக்கோ, அல்ஜீரியா, ஆபிரிக்காவில் இருந்து வந்த தொழிலாளர்கள், "எங்களை மனிசராய் நடத்து" என்று வேலைநிறுத்தம் செய்து வென்ற தொழிற்சாலை அது.

மூடுவிழா அறிவித்து இரண்டு கிழமை ஆகவில்லை. ஜூலை 25-ஆம் திகதி சோசலிஸ்ட் அரசு தன் "கார் தொழில் திட்டத்தை" வெளியிட்டது. ஹைபிரிட் காருக்கான போனஸ் 2000 யூரோவில் இருந்து 4000 யூரோ வரை கூட்டப்பட்டது. மின்சாரக் காருக்கு 7000. பேஜோவின் டீசல் ஹைபிரிட் கார்கள் சோஷோவிலும் ரென்னிலும் செய்யப்பட்டன; ஒல்னேயில் செய்தது சின்ன சித்ரோயன் சே-மூன்று. ஒல்னே தொழிலாளிக்கு அந்தப் போனஸில் ஒரு சதமும் இல்லை. 2013-இல் நாலு மாசம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஒக்தோபரோடு கடைசிக் கார் வெளியே வந்து கதவு மூடப்பட்டது.

2020 மே 26. வலேயோ தொழிற்சாலை இருக்கிற எத்தாப்ல் ஊரில் மக்ரோன் நின்றுகொண்டு கார் தொழிலுக்கு 8 பில்லியன் யூரோ அறிவித்தார். நாங்கள் மேலே சொன்ன 2000 யூரோ போனஸ் அதில்தான் வந்தது. மூன்று நாள் கழித்து, மே 29-ஆம் திகதி, ரெனோ உலகம் முழுக்க ஏறக்குறைய 15,000 வேலைகளையும் பிரான்சில் 4600 வேலைகளையும் குறைக்கப்போவதாகச் சொன்னது. அதே ரெனோவுக்கு அரசு 5 பில்லியன் யூரோ கடனுக்குப் பிணை நின்றது.

இரண்டு ஆட்சி, ஒரே நாடகம். ஒன்றில் ஆட்குறைப்பு முதல், போனஸ் பிறகு. மற்றதில் போனஸ் முதல், ஆட்குறைப்பு பிறகு. வாங்குகிறவருக்குக் கொடுத்த மாதிரித் தெரிகிற காசு, சுற்றிப்போய் விற்கிறவனின் கல்லாப்பெட்டிக்குள் விழுகிறது. வேலையைக் காப்பாற்று என்ற நிபந்தனை மட்டும் எழுதப்படவே இல்லை.

கொம்பனிக் காரின் இரகசியம்

ஹைபிரிட் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. இதை விளங்கிக்கொள்ளாமல் கதைத்தால் எங்களையும் ஏமாத்திப்போடுவினம்.

சாதாரண ஹைபிரிட், உதாரணத்துக்கு வலோன்சியென் பக்கம் ஒன்னேங்கில் செய்கிற ரொயோட்டா யாரிஸ், பிரேக் பிடிக்கிறபோது வருகிற சக்தியைச் சின்ன பற்றரியில் சேர்க்கும். சிற்றிக்குள் நின்று நின்று ஓடுகிற ஆளுக்குப் பெற்றோல் உண்மையாகவே மிச்சம். எங்கட வே.தே.சே. ஓட்டுகிற அண்ணாமார் அதை வைத்திருப்பதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வகைக்கான போனஸை 2017-இல் நிப்பாட்டியாகிவிட்டது.

மற்றது சார்ஜ் ஹைபிரிட். பெரிய பற்றரி, பெற்றோல் எஞ்சின், இரண்டையும் சுமக்கிறதால் பாரமும் கூட. வீட்டிலோ வேலையிலோ சுவரில் செருகிச் சார்ஜ் ஏத்தினால் ஐம்பது கிலோமீற்றர் அளவில் மின்சாரத்தில் ஓடும். ஏத்தாவிட்டால் அது வெறும் பாரமான பெற்றோல் கார். ஆய்வுக்கூடத்துச் சோதனையில் நூறு கிலோமீற்றருக்கு இரண்டு லீற்றர்கூடக் குடிக்காது என்று தாளில் எழுதியிருக்கும். வீதியில் நடந்தது என்ன? 2022-இல் ஐ.சி.சி.ரி. என்ற சுத்தப் போக்குவரத்து ஆய்வு அமைப்பும் ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனமும் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான கார்களின் தரவைப் பார்த்தன. தனியார் கார் தாளில் இருப்பதைவிட ஏறக்குறைய 3 மடங்கு எண்ணெய் குடித்தது. கொம்பனிக் கார் 5 மடங்கு. கொம்பனிக் கார்கள் மின்சாரத்தில் ஓடிய தூரம் வெறும் 11 முதல் 15 வீதம். 2024-இல் ஐரோப்பிய ஆணையமே கார்களுக்குள் இருக்கிற அளவுக்கருவிகளைப் படித்துவிட்டு, சார்ஜ் ஹைபிரிட்டின் உண்மையான புகை தாளில் உள்ளதைவிட 3.5 மடங்கு என்று எழுதியது.

கொம்பனிக் கார் ஏன் இன்னும் மோசம்? சாரதிகள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. கொம்பனி அவருக்கு எண்ணெய் கார்ட் கொடுக்கிறது. பெற்றோல் அடித்தால் முதலாளி கட்டுவான். வீட்டில் சார்ஜ் ஏத்தினால் கறண்ட் பில் அவருடையது. சம்பளத்துக்கு வேலை செய்கிற எவரும் என்ன செய்வார்? பிறகு சார்ஜ் வயரைப் பெட்டியோடு டிக்கியில் வைத்துவிட்டுப் பெற்றோல் அடிப்பார்.

அப்படியென்றால் கொம்பனி ஏன் அந்தக் காரை வாங்கியது? வரி. கொம்பனிக் கார்களுக்கான வருடாந்த வரியில் கார்பன் பகுதியில் இருந்து ஹைபிரிட்டுக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரியில்தான் அது எடுக்கப்பட்டது. 2022-இல் 1800 கிலோவுக்கு மேற்பட்ட கார்களுக்குப் பாரத் தண்டம் கொண்டுவந்தார்கள். அப்போது தூரம் ஓடக்கூடிய சார்ஜ் ஹைபிரிட்டுக்கு அதிலும் விலக்கு. பாரமான காரைக் குறைக்கக் கொண்டுவந்த தண்டத்தில் இருந்து பாரமான காருக்கே விலக்கு! அதுவும் 2025 தொடக்கத்தில்தான் வெட்டப்பட்டது. இலாபக் கணக்கில் காரின் தேய்மானத்தைக் கழிக்கிற உச்சவரம்பும் ஆகக்கூடப் புகை விடுகிற காருக்கு 9900 யூரோ, சார்ஜ் ஹைபிரிட்டுக்கு 20,300 யூரோ.

அதாவது, தாளில் இருக்கிற இலக்கத்துக்குத்தான் பரிசு. வீதியில் விடுகிற புகையை ஒருவரும் எண்ணவில்லை. பதினைந்து வருஷம் அந்தத் தாளை நம்பின மாதிரி நடித்தார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் இலாபம்: காரைச் செய்கிறவனுக்கு, வாங்குகிற கொம்பனிக்கு, "பசுமை" என்று பேசுகிற அமைச்சருக்கு.

ஊரிலும் இந்தக் கதை பழக்கமானதுதானே. கொழும்பில் உயர் உத்தியோகத்தருக்கும் எம்.பி.க்கும் வாகனப் பெர்மிட் என்று வரிச்சலுகை இருந்தது. அந்தப் பெர்மிட் கைமாறி விலைபோனது. அதே அரசாங்கத்தில் வேலை செய்கிற சிற்றூழியர் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார். சம்பளத்தில் மேலே இருக்கிறவனுக்கு வேலையிடம் காராகக் கொடுக்கும். கீழே இருக்கிறவனுக்குப் பஸ்காசைக் கேட்டாலே முகம் கறுக்கும்.

ஸ்டிக்கர் ஆருக்கு, தண்டம் ஆருக்கு

பரிசின் மற்றப் பக்கம் தண்டனை. இரண்டு தொன் பாரமான சார்ஜ் ஹைபிரிட்டின் கண்ணாடியில் க்ரித்-ஏர் 1 ஸ்டிக்கர். சாமான் ஏத்தி இறக்கக் கடைக்காரத் தம்பி வைத்திருக்கிற 2009-ஆம் ஆண்டு டீசல் வானுக்குக் க்ரித்-ஏர் 3. 2025 ஜனவரி 1 முதல் ஆ-86 நெடுஞ்சாலைக்குள்ளே, கிழமை நாட்களில், பகலில் க்ரித்-ஏர் 3 ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. கூடக் காசு உள்ளவன் புதுக் கார் வாங்கி வலயத்துக்குள் வருவான். இல்லாதவன் வெளியில்.

பாரிஸ் நகரசபையின் 2024 பெப்ரவரி 4 வாக்கெடுப்பையும் பாருங்கள். பாரமான கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்க 54.55 வீதம் ஆம் என்றார்கள். வாக்களித்தவர்கள் 6 வீதத்துக்கும் குறைவு. புல்வார் து லா சப்பலின் தெற்குப் பக்கம், பத்தாம் வட்டாரத்தில், மணித்தியாலம் 18 யூரோ. வீதியைக் கடந்து பதினெட்டாம் வட்டாரத்துக்குள் போனால் 12 யூரோ. சார்ஜ் ஹைபிரிட்டை இங்கே பெற்றோல் காரோடு சேர்த்து எண்ணியது நல்ல விஷயம். ஆனால் தன் வட்டாரத்தில் நிறுத்துகிற பாரிஸ்வாசிக்கு இந்தக் கட்டணம் கிடையாது. பதினாறாம் வட்டாரத்துப் பெரிய கார் தன் வீட்டு வாசலில் நிம்மதியாக நிற்கும். கட்டுகிறது வெளியில் இருந்து வருகிறவர்.

இப்படிச் செய்துவிட்டு, சனம் ஏன் கோபப்படுகிறது என்று கேட்கினம். 2018 நவம்பர் 17-இல் மஞ்சள் அங்கிக்காரர் வீதிக்கு வந்தது எண்ணெய் வரியால். சொத்து வரியை எடுத்த அதே வருஷம் அது நடந்தது. 2025 மே 28-இல் குறைந்த புகை வலயங்களை நீக்கத் தேசிய சட்டமன்றம் வாக்களித்தபோது, வலதும் தீவிர வலதும் மட்டும் இல்லை, இடதில் ஒரு பகுதியும் சேர்ந்துதான் வாக்களித்தது.

இங்கே நாங்கள் கவனமாக இருக்க வேணும். "சூழல் எல்லாம் பணக்காரன்ர விளையாட்டு, விட்டுத்தள்ளு" என்ற பேச்சு லாச்சப்பல் தேத்தண்ணிக் கடைகளிலும் கேட்கிறது. அந்தப் பேச்சின் ஆதாயம் லூ பென்னின் கட்சிக்குத்தான் போகும். ஏழையின் காரைப் பற்றிக் கண்ணீர் விடுகிற அந்தக் கட்சி, விசா இல்லாதவரின் நவிகோவைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காது. புகை எங்கட பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகிறது. வலயத்தை எடுத்தால் புகை போகாது. ஏழைக்கு வேறு வழி கொடுக்காமல் வலயத்தை வைத்தாலும் நியாயம் இல்லை. அந்த வேறு வழிக்குப் பெயர் ரெயில், பஸ், மெத்ரோ.

"சோசியல் லீசிங்" இருக்கே?

ஆம், இருக்கிறது. 2024 ஜனவரியில் மாசம் 100 யூரோவுக்கு மின்சாரக் கார் என்று தொடங்கி, 50,000 கார் அளவில் பெப்ரவரி நடுவில் மூடினார்கள். 2025 செப்டெம்பர் 30-இல் திரும்பவும் திறந்தார்கள். வருமான வரம்பு வைத்தது முன்னேற்றம், அதை மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனையை வாசியுங்கள்: வேலையிடம் 15 கிலோமீற்றருக்கு மேல் இருந்து சொந்தக் காரில் போக வேணும், அல்லது சொந்தக் காரில் வேலைக்காக வருஷம் 8000 கிலோமீற்றர் ஓட வேணும். சார்செல்லில் இருந்து ஆர்.ஈ.ஆர். டி ஏறி வருகிற அக்கா இந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை. கார் இல்லாமல் வாழ்கிறவர், அதாவது ஆகக்குறையப் புகை விடுகிறவர், இந்த முழு முறையிலும் ஆளாகவே எண்ணப்படுவதில்லை.

எங்கட போனஸ் எங்கே?

சட்டத்தில் எங்களுக்கு ஒன்று இருக்கிறது. 1982 ஆகஸ்ட் 4 சட்டம்: தொழிலாளியின் போக்குவரத்து அட்டைச் செலவில் முதலாளி பங்கு கட்ட வேணும். ஒல்னேயில் குடியேறித் தொழிலாளர் வென்ற அதே வருஷம் வந்த சட்டம். இப்போது அந்தப் பங்கு பாதி. 2025-இல் நவிகோ மாசம் 88 யூரோ 80 சதம். முதலாளி உனக்குத் திருப்பித்தர வேண்டியிருந்தது 44 யூரோ 40 சதம். இது அவருடைய தயவு இல்லை, கடமை. அரசு தன் சொந்த ஊழியருக்கு 2023 செப்டெம்பரில் இருந்து 75 வீதம் கொடுக்கிறது. தனியார் துறையில் கட்டாயம் இன்னும் 50-தான். சைக்கிளில் வருகிறவருக்கான "நிலையான பயணப் படி" தனியார் துறையில் முதலாளி விரும்பினால் மட்டும்.

விசா இல்லாதவர்களுக்கு இன்னும் கொடுமை. 2016-இல் வலெரி பெக்ரெஸ் தலைமையிலான இல்-து-பிரான்ஸ் நிர்வாகம், ஆ.எம்.ஓ. மருத்துவ உதவி பெறுகிற விசா இல்லாதவர்களுக்கு இருந்த போக்குவரத்துக் கழிவைப் பறித்தது. சங்கங்கள் வழக்குப் போட்டு, 2018-இல் நீதிமன்றம் அந்த முடிவு சட்டவிரோதம் என்று தள்ளியது. ஐம்பதாயிரம் யூரோக் கார் வாங்குகிறவரிடம் வருமானம் கேட்காத நாட்டில், மெத்ரோ ஏறுகிற ஏழையிடம் விசாவைக் கேட்டார்கள்.

இனி எங்கட பக்கத்தையும் பார்ப்போம். ஃபோபூர் சான்-தெனியிலும் ரு காய்லிலும் பெர்தொனேயிலும் முதலாளிமார் பலர் எங்கட ஆக்கள்தான். தேருக்கு உபயம் செய்வினம், ஊர்ச் சங்கத்துக்கு மாலை போட்டுக் காசு குடுப்பினம். கொம்பனிப் பெயரில் பெரிய இப்ரித் கார் கடை வாசலில் நிக்கும்; கணக்காளர் வரிச்சலுகையை ஒரு சதமும் விடாமல் எடுத்திருப்பார். அதே கடையில் வேலை செய்கிற தம்பியின் சம்பளச்சீட்டில் போக்குவரத்து என்ற வரியே இல்லை. கேட்டால், "உன்னை வேலைக்கு எடுத்ததே பெரிசு" என்று பதில். எல்லாரும் அப்படி இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் இருக்கினம். ஆனால் "நாங்கள் எல்லாம் ஒரே சனம்" என்ற பேச்சு 44 யூரோவில் வந்து உடைகிற இடங்களையும் எங்களுக்குத் தெரியும். ஊர்ப்பாசம் வேறு, வர்க்கம் வேறு.

மணித்தியாலத்தைக் குறைத்துக் காட்டுகிற விளையாட்டையும் விளங்கிக்கொள்ளுங்கள். பகுதிநேர வேலை என்றாலும் முழுநேரத்தின் பாதி, அதாவது கிழமைக்கு 17 மணித்தியாலம் 30 நிமிசம், அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுநேர ஊழியருக்கு உள்ள அதே பங்கு கிடைக்க வேணும். அதற்குக் கீழே போனால்தான் குறைக்கலாம். ஐம்பது மணித்தியாலம் வேலை வாங்கிச் சீட்டில் பத்து என்று எழுதுகிறவன் ஓய்வூதியத்தை மட்டும் திருடவில்லை, நவிகோவையும் சேர்த்துத்தான் திருடுகிறான்.

விசா இல்லாமல் வேலை செய்கிறவருக்கும் இது பொருந்தும். சம்பளம், வேலைநேரம் போன்றவற்றில் முதலாளியின் கடமைகளைப் பொறுத்தவரை, தொழில் சட்டம் அவரையும் மற்ற ஊழியரைப் போலவே பார்க்கிறது.

நாங்கள் கேட்பது

ஒன்று: நவிகோவின் முழுச் செலவும் முதலாளியின் பொறுப்பு. வேலைக்கு வரச் சொன்னது அவர்தானே? அது வரும்வரை, அரசு ஊழியருக்குள்ள 75 வீதம் எல்லாருக்கும் கட்டாயம் ஆக வேணும்.

இரண்டு: எங்கட நேரத்துக்கு வண்டி. பாரிசைத் துடைக்கிறதும் சமைக்கிறதும் இரவிலும் விடியப்புறத்திலும் நடக்கிறது. கிழமை நாளில் மெத்ரோ ஒன்றேகாலோடு படுத்துவிடும். கார் கொம்பனிக்குக் கொடுக்க 8 பில்லியன் கண்டுபிடித்த அரசு, இரவு ரெயிலுக்குக் காசு இல்லை என்று சொல்ல ஏலாது. டன்கெர்க்கில் 2018-இல் இருந்து பஸ் இலவசம். மோன்பெலியேயில் 2023 டிசெம்பரில் இருந்து ஊர்வாசிகளுக்கு ட்ராமும் இலவசம். செய்ய நினைத்தால் செய்யலாம்.

மூன்று: காருக்குப் பொதுக்காசு கொடுப்பதென்றால், கார் இல்லாமல் வேலை செய்ய முடியாதவருக்கு முதலில். ரன்ஜிஸ் சந்தைக்கு விடிய இரண்டு மணிக்குப் போகிறவர், குழாய் திருத்துகிறவர், வீடு வீடாக முதியவரைப் பராமரிக்கிற அக்காமார். கொம்பனிக் கார் சலுகைகள் ஒழிய வேணும். கார் கொம்பனிக்குப் போகிற ஒவ்வொரு யூரோவுக்கும் வேலைக் காப்பு நிபந்தனை வேணும்.

இதற்குப் பாராளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த மடலை வாசிக்கிற தம்பி தங்கைமாரில் நிறையப்பேர் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். பிரெஞ்சு உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணா, ஆர் என்றாலும், அவர்களுடைய சம்பளச்சீட்டை எடுத்துப் போக்குவரத்துக்கான வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நவிகோ வாங்கின அத்தாட்சியோடு முதலாளிக்கு ஒரு பதிவுத் தபால் எழுதிக் கொடுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை, மரியாதையாக எழுதினால் போதும். பதில் வராவிட்டால் தனியாகப் போகாதீர்கள். அதே கடையில் வேலை செய்கிற மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு தொழிற்சங்கத்தின் வாசலைத் தட்டுங்கள்.

அதற்கும் அசையாத முதலாளிக்கு ஒரு முகவரி இருக்கிறது. பாரிசின் தொழில் நீதிமன்றம், ப்ரூதொம், ரு லூயி-பிளானில் 27-ஆம் இலக்கம். மரக்கறி வாங்கப் போகிற வழியில் நாங்கள் தினமும் கடந்து போகிற கட்டடம்தான். அங்கே நடந்து போக நவிகோவும் தேவையில்லை.

தோழமையுடன்,
மடல் குழு, லாச்சப்பல்